எடையா, பசியா? ஓர் உடற்கட்டு வீரரின் பன்னிரண்டு மாதங்கள்

அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் ஒரே ஒரு மனிதரைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இருபதுகளின் நடுவில் இருந்த, ஊக்கமருந்து எடுக்காத ஓர் உடற்கட்டு வீரர். பெயர் சொல்லப்படவில்லை. மேடை ஏறுவதற்கு முன் ஆறு மாதம், இறங்கிய பின் ஆறு மாதம், ஆக ஓராண்டு முழுக்க அவருடைய கொழுப்பு, இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், ஹார்மோன், பலம், மனநிலை எல்லாவற்றையும் அளந்துகொண்டே வந்தார்கள்.

ஓவர்டிரெய்னிங், அதாவது அளவுக்கு மீறிப் பயிற்சி செய்து உடம்பு தேற முடியாமல் போவது, என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா, அல்லது சோம்பேறிகளின் சாக்கா என்று ஜிம்மில் வாக்குவாதம் கிளம்பும்போதெல்லாம் நான் இந்த ஆய்வைத்தான் எடுத்துப் போடுவேன். ஆய்வின் நோக்கம் அதுவல்ல என்பது உண்மைதான். போட்டித் தயாரிப்பில் உடம்புக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. ஆனால் அவர்கள் தந்த எண்களை வரிசையாகப் படித்தால், எந்த ஜிம் மாஸ்டரும் "தம்பி, இது ஓவர்டிரெய்னிங்" என்று அடித்துச் சொல்லிவிடுவார். அந்தத் தீர்ப்பு சரியா என்பதுதான் இங்கே கேள்வி.

ஆறு மாதத்தில் நடந்தது

தொடக்கத்தில் அவருடைய உடற்கொழுப்பு 14.8 சதவீதம். போட்டி நேரத்தில் 4.5. இந்த அளவுக்கு வற்றினால்தான் மேடை விளக்கில் தொடைத் தசை பிரிபிரியாகத் தெரியும், அடிவயிற்றில் நரம்பு ஓடும். ஆக, போட்டிக்காரராக அவர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்.

ஓய்வில் நிமிடத்துக்கு 53 தடவை துடித்துக்கொண்டிருந்த இதயம் 27-க்கு இறங்கியது. நல்ல உடற்பயிற்சி செய்கிறவருக்கு நாடி மெதுவாக ஓடுவது வழக்கம்தான். நீண்ட தூர ஓட்டக்காரர்களில் 40 சர்வ சாதாரணம். 27 அப்படிப்பட்ட எண் அல்ல. மருத்துவமனைக் கட்டிலில் இருப்பவருக்கு மானிட்டர் 27 காட்டினால் நர்ஸ் ஓடி வருவார். ரத்த அழுத்தம் 132/69-இலிருந்து 104/56 ஆனது.

டெஸ்டோஸ்டிரோன் மில்லிலிட்டருக்கு 9.22 நானோகிராமிலிருந்து 2.27-க்கு விழுந்தது. நம்மூர் லேப் ரிப்போர்ட்டில் வழக்கமாக வரும் கணக்கில் (டெசிலிட்டருக்கு நானோகிராம்) சொன்னால் 922 இருந்தது 227 ஆனது. பொதுவாக 300-க்குக் கீழே போனாலே டாக்டர்கள் குறைபாடு என்று யோசிக்கத் தொடங்குவார்கள். மலை மாதிரி தோளும் மார்புமாக மேடையில் நிற்கிறவரின் ரத்தத்தில், ஆண்மை ஹார்மோன் ஒரு நோயாளியின் அளவில் இருந்திருக்கிறது.

மனநிலையை ஒரு கேள்வித்தாள் மூலம் அளந்தார்கள். பதற்றம், சோர்வு, கோபம், மனக்குழப்பம் போன்றவற்றுக்கு மதிப்பெண் கூட்டி, உற்சாகத்தைக் கழித்தால் ஒரு எண் வரும். அது கூடினால் மனம் கெட்டிருக்கிறது என்று பொருள். அவருக்கு 6-இலிருந்து 43-க்கு ஏறியது. பலமும் குறைந்தது.

ஓவர்டிரெய்னிங் என்றால் என்னென்ன அறிகுறி என்று எங்கே தேடினாலும் வரும் பட்டியல் இதுதான்: பலம் குறையும், நாடி மாறும், டெஸ்டோஸ்டிரோன் விழும், எரிச்சல் வரும், எதிலும் நாட்டம் போகும். நம்மவர் எல்லாவற்றுக்கும் டிக் அடித்துவிட்டார்.

பெயர் சூட்டுவதற்கு முன்

ஆனால் விளையாட்டு மருத்துவர்கள் இந்தப் பெயரை அவ்வளவு எளிதாகக் கொடுப்பதில்லை. ஐரோப்பிய விளையாட்டு அறிவியல் கல்லூரியும் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து அதே 2013-இல் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டன. அதில் மூன்று படிகள் உண்டு. முதல் படி, வேண்டுமென்றே சில நாள் அதிகமாக அடித்து, களைத்து, ஓய்வெடுத்ததும் முன்னைவிட மேலே போவது. இது பயிற்சியின் ஒரு பகுதி. யாரும் பயப்பட வேண்டியதில்லை. இரண்டாவது, களைப்பு வாரக்கணக்கில் இழுத்து, ஓய்வெடுத்தாலும் பழைய இடத்துக்கு வருவதற்கே திணறுவது. மூன்றாவதுதான் நிஜமான ஓவர்டிரெய்னிங் நோய்க்குறி. மாதக்கணக்கில் செயல்திறன் திரும்பாது. தூக்கம், மனநிலை, ஹார்மோன் எல்லாம் கலைந்து கிடக்கும்.

இந்த மூன்றாவது படிக்கு ரத்தப் பரிசோதனை என்று தனியாக ஒன்று இல்லை. வேறு காரணம் எதுவும் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிய பிறகுதான் அந்தப் பெயரை வைக்க வேண்டும் என்கிறது அறிக்கை. தள்ள வேண்டிய காரணங்களில் தொற்றுநோய், இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு இவையெல்லாம் இருக்கின்றன. முக்கியமாக, போதுமான சாப்பாடு இல்லாமை இருக்கிறது.

சரி, நம்மவர் ஆறு மாதமாகச் செய்ததே சாப்பாட்டைக் குறைத்ததுதான். அதுதான் கட்டிங். அதனால் அறிக்கையின் விதிப்படி பார்த்தால் அவர் வாசலிலேயே நிற்க வேண்டியவர். அறிகுறிகள் எல்லாம் பொருந்தினாலும் அந்தப் பெயரை அவருக்கு வைக்க முடியாது.

இதைச் சட்டப் பேச்சு என்று தள்ளிவிடலாம்தான். எடையும் பசியும் சேர்ந்தே வரும்போது எது குற்றவாளி என்று எப்படிப் பிரிப்பது? ஒரே மனிதரை வைத்துப் பிரிக்க முடியாது. ஆனால் இரண்டையும் தனித்தனியாகச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

எடை மட்டும் இருந்தால்

1990-களின் தொடக்கத்தில் ஆண்ட்ரூ ஃப்ரை, வில்லியம் கிரேமர் என்ற ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு, எடைப் பயிற்சியால் மட்டும் ஒருவரை ஓவர்டிரெய்னிங் நிலைக்குத் தள்ள முடியுமா என்று முயன்றது. படிக்கச் சுவாரசியமான கதை அது. ஏனென்றால் முதலில் அவர்களால் முடியவில்லை. தூக்கக்கூடிய உச்ச எடைக்கு மிக அருகில், வாரத்தில் ஐந்து நாள், மூன்று வாரம் ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்ய வைத்தும் ஆட்களின் உச்ச எடை விழவில்லை. ஓடும் வேகம் போன்ற சில விஷயங்கள் மட்டும் மந்தமாயின.

அப்புறம்தான் ஒரு கொடூரமான திட்டம் போட்டார்கள். ஏற்கெனவே எடைப் பயிற்சியில் பழகிய 11 பேர், ஸ்குவாட் மெஷினில், தங்களால் தூக்க முடிந்த உச்ச எடையின் 100 சதவீதத்தை, ஒரு தடவைக்கு ஒன்றாகப் பத்துத் தடவை தூக்க வேண்டும். தினமும். ஓய்வு நாள் கிடையாது. இரண்டு வாரம். இதைச் செய்யாத ஆறு பேர் ஒப்பீட்டுக்கு இருந்தார்கள்.

இப்போது பலம் விழுந்தது. அந்த ஒரே பயிற்சியில் சராசரியாகப் பத்துக் கிலோவுக்கு மேல் குறைந்தது. உடற்பயிற்சிக்குப் பின் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் எகிறின. ஆனால் டெஸ்டோஸ்டிரோன் சரியவில்லை. மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலோடு ஒப்பிட்ட அதன் விகிதமும், ஓட்டக்காரர்களிடம் எதிர்பார்ப்பதுபோலக் கீழே போகவில்லை. நாள் முழுக்க மனிதனை முடக்கிப் போடும் அந்த முழுப் படம் வரவே இல்லை.

இதை நம்முடைய ஜிம்மோடு வைத்துப் பாருங்கள். உச்ச எடையைத் தினமும் பத்து முறை தூக்குகிற உடற்கட்டுப் பையனை நான் பார்த்ததில்லை. செஸ்ட் ஒரு நாள், பேக் ஒரு நாள், லெக் ஒரு நாள் என்று பிரித்து, ஒரு செட்டில், அதாவது இடையில் நிறுத்தாமல் செய்யும் ஒரு தொடரில், 8 முதல் 12 ரெப் (தடவை) வரும் எடையில்தான் பெரும்பாலோர் செய்கிறார்கள். அந்தத் தசை களைத்துவிட்டால் செட் தானாக நின்றுவிடும்; மனிதன் நினைத்தாலும் மேலே இழுக்க முடியாது. சைக்கிள் ஓட்டுகிறவர் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏமாற்றி ஐந்து மணி நேரம் தாண்டிப் போய்விடலாம். கையை மடக்கி எடை தூக்கும் பைசெப்ஸ் கர்லில் அந்த வசதி இல்லை. நீண்ட தூர ஓட்டம், சைக்கிள், நீச்சல், துடுப்பு இவற்றில் அதிகம் பேசப்படும் நோய்க்குறி எடைப் பயிற்சியில் இவ்வளவு அரிதாக இருப்பதற்கு இது ஒரு காரணம் என்பது என் கருத்து.

அதற்காக எத்தனை செட் வேண்டுமானாலும் போடலாம் என்று ஆகிவிடாது. பத்து செட், பத்து ரெப் என்று ஒரு புகழ்பெற்ற முறை இருக்கிறது. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு குழு முக்கியப் பயிற்சிகளைப் பத்து செட் செய்தது, இன்னொரு குழு ஐந்தே செட். ஆறு வார முடிவில் பத்து செட்காரர்கள் கூடுதலாக எதையும் சம்பாதிக்கவில்லை. சில அளவுகளில் ஐந்து செட்காரர்களே மேல். அதிகமாகப் போட்ட செட்டுக்குக் கிடைத்த தண்டனை வீண் உழைப்பு. அதோடு முழங்கை, தோள்பட்டை, முழங்கால் மூட்டுகள் தங்கள் பங்குக்குப் புகார் செய்யும். தசை இரண்டு நாளில் தேறினாலும் அதை எலும்போடு இணைக்கும் தசைநார் அந்த வேகத்தில் தேறாது. ஜிம்மில் "ஓவர்டிரெய்னிங் ஆகிவிட்டது" என்று வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது பெஞ்ச் பிரஸ் அடித்து அடித்து வந்த தோள்வலிதான்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புதிதாகச் சேர்ந்தவரையோ நீண்ட இடைவெளிக்குப் பின் வந்தவரையோ முதல் நாளே நூற்றுக்கணக்கில் ஸ்குவாட்டும் புல்-அப்பும் அடிக்க வைத்தால், தசை இழைகள் சிதைந்து உள்ளிருக்கும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இது மாதக்கணக்கில் வளரும் நோய்க்குறி அல்ல, ஒரே நாளில் நடக்கும் விபத்து.

பசி மட்டும் இருந்தால்

இன்னொரு பக்கம் 1944-45-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர் நடத்திய பட்டினி ஆய்வு. போருக்குப் போக மனசாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் அதற்கு முன்வந்தார்கள். போர் முடிந்ததும் ஐரோப்பாவில் பட்டினி கிடந்தவர்களுக்கு எப்படி மறுபடி உணவூட்டுவது என்று தெரிய வேண்டியிருந்தது. 24 வாரம் அவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1570 கலோரி. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி என்று ஐரோப்பியப் பஞ்சத்து உணவு. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்க வேண்டும். எடைப் பயிற்சி என்ற பேச்சே கிடையாது.

உடல் எடையில் சுமார் நான்கில் ஒரு பங்கு போனது. இதயத் துடிப்பு சராசரியாக 55-இலிருந்து 35-க்கு இறங்கியது. பலம் குறைந்தது. பெண்கள் மேல் நாட்டம் போனது. எரிச்சல், மனச்சோர்வு, எதிலும் ஒட்டாமை. எப்போதும் குளிர்ந்தது. சாப்பாட்டைத் தவிர வேறு சிந்தனை இல்லாமல் சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். தட்டை நக்கினார்கள்.

போட்டிக்குத் தயாராகும் யாரையாவது கடைசி மாதத்தில் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இது அச்சு அசலாகத் தெரிந்த காட்சி. மே மாதத்திலும் ஸ்வெட்டர், ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் ஃபோனில் பிரியாணி வீடியோ, உப்பு அதிகமாகிவிட்டது என்று வீட்டில் சண்டை. ஆணழகன் போட்டிக்குப் போகும் பையன்களின் அம்மாக்களுக்கு ஹார்மோன் பற்றி ஆய்வாளர்களைவிட நன்றாகவே தெரியும்.

பசி ஏன் இப்படிச் செய்கிறது என்பதும் ஓரளவு தெரிந்ததே. கொழுப்பு குறையக் குறைய, கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் குறைகிறது. இருப்பு தீர்கிறது என்று மூளையின் ஹைப்போதலாமஸ் புரிந்துகொண்டு செலவைக் கட்டுப்படுத்துகிறது. விந்தகத்துக்குப் போகும் கட்டளை குறைகிறது, டெஸ்டோஸ்டிரோன் விழுகிறது. தைராய்டின் செயல்படும் வடிவமான டி3 குறைகிறது; உடம்பு குளிர்கிறது, நாடி தளர்கிறது. பிழைத்திருக்கத் தேவையில்லாத ஒவ்வொரு கிளையையும் உடம்பு மூடிக்கொண்டே வருகிறது.

ஃபின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தில் போட்டிக்குத் தயாரான 27 பெண்களை இதேபோல அளந்தார்கள். அவர்களும் எடைப் பயிற்சியைத் தொடர்ந்தபடியே சுமார் நான்கு மாதம் சாப்பாட்டைக் குறைத்தவர்கள். லெப்டின், டி3, டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன் எல்லாம் குறைந்தன. போட்டிக்குப் பின் மூன்று நான்கு மாதம் நன்றாகச் சாப்பிட்டதும் பெரும்பாலானவை திரும்பின. டி3-யும் டெஸ்டோஸ்டிரோனும் மட்டும் அப்போதும் முழுசாகத் தேறவில்லை.

ஓவர்டிரெய்னிங் பற்றிய பழைய ஆய்வுகளையே 2021-இல் ஒரு குழு திரும்ப எடுத்துப் பார்த்தது. சாப்பாட்டுக் கணக்கு கொஞ்சமாவது பதிவாகியிருந்த ஆய்வுகளை மட்டும் பிரித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில், களைத்துப்போன வீரர்கள் செலவுக்கு ஏற்ற கலோரியோ மாவுச்சத்தோ எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கான தடயம் கிடைத்தது. ஓட்டக்காரர்கள் விஷயத்திலேயே இப்படி என்றால் உடற்கட்டு வீரர்கள் விஷயத்தில் சொல்லவே வேண்டாம்.

மெஷின் விற்றவர் கிளப்பிய பயம்

இவ்வளவு அரிதான ஒன்றைப் பற்றி உடற்கட்டு உலகம் ஏன் ஐம்பது வருடமாகப் பயந்துகொண்டிருக்கிறது? அதில் ஆர்தர் ஜோன்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. நாட்டிலஸ் மெஷின்களை உருவாக்கியவர். அர்னால்ட் ஷ்வார்ஸ்நெக்கர் காலத்தில் வாரம் ஆறு நாள், சில சமயம் ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்று மணிக்கணக்கில் பயிற்சி செய்வதுதான் வழக்கம். ஜோன்ஸ் வந்து, அதெல்லாம் வீண், ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரே ஒரு செட், இனி ஒரு ரெப் கூட வராது என்ற இடம் வரை போ, மீதி நேரம் ஓய்வெடு என்றார்.

1973 மே மாதம் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதை நிரூபித்துக் காட்டினார். 28 நாளில் 14 பயிற்சிகள், ஒவ்வொன்றும் சராசரியாக அரை மணிக்குச் சற்று மேல். கேசி வையேட்டர் என்ற வீரருக்கு 45 பவுண்டு எடை கூடியது. கொழுப்பு கரைந்ததையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தசை மட்டும் 63 பவுண்டு என்று அறிவித்தார்கள். கேட்டவர்கள் மலைத்துப் போனார்கள். ஆனால் வையேட்டர் யார்? 19 வயதிலேயே, 1971-இல், மிஸ்டர் அமெரிக்கா பட்டம் வென்றவர். ஆய்வுக்குச் சில மாதம் முன் தொழிற்கூட விபத்தில் விரல் போய், அதற்குப் போட்ட ஊசியும் ஒத்துக்கொள்ளாமல் படுத்து, உருகிப்போயிருந்தவர். இழந்த தசையைத் திரும்பப் பெறுவது புதுத் தசை வளர்ப்பதைவிடப் பலமடங்கு சுலபம். கூடவே வயிறு நிறையச் சாப்பாடு. அந்த 28 நாளைக் குறைந்த பயிற்சியின் வெற்றியாக விற்றார்கள். சாப்பாட்டின் வெற்றி என்று சொல்லியிருந்தால் மெஷின் விற்றிருக்காது.

ஜோன்ஸின் கருத்தை மைக் மென்ட்ஸர் இன்னும் தீவிரமாக்கினார். உடற்கட்டு உலகின் உச்சப் போட்டியான மிஸ்டர் ஒலிம்பியாவில், 1979-இல், கனமான எடைப் பிரிவை வென்றவர். ஒட்டுமொத்தப் பட்டம் ஃபிராங்க் ஸேனுக்குப் போனது. அடுத்த வருடம் சிட்னியில் அர்னால்ட் திரும்பி வந்து வென்றதும் மென்ட்ஸர் போட்டியை விட்டார். பின்னாளில் அவர் சீடர்களுக்குச் சொன்ன திட்டங்களில் ஒரு தசைக்கு வாரத்துக்கு ஒரு தடவைகூட வராத அளவுக்கு ஓய்வு நீண்டது. 1992 முதல் 1997 வரை ஆறு ஒலிம்பியா வென்ற டோரியன் யேட்ஸ், வாரம் நான்கு நாள், ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயிற்சியில்தான் அந்த உடம்பைக் கட்டினார். அதே சமயம் அர்னால்ட் மணிக்கணக்கில் செய்து ஏழு ஒலிம்பியா வென்றார். இரண்டு எல்லையிலும் சாம்பியன்கள் இருக்கிறார்கள் என்பதே, செட் எண்ணிக்கையில் மரணக்கோடு ஒன்றும் இல்லை என்று காட்டுகிறது. ஆனால் அர்னால்டும் யேட்ஸும் ஸ்டீராய்டு எடுத்ததைத் தாங்களே ஒப்புக்கொண்டவர்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வரும் உடம்பில், கட்டிங் காலத்திலும் தசை தேறும் வேகம் வேறு. அவர்களை வைத்து நமக்குக் கணக்குப் போடக் கூடாது. ஓக்லஹோமாக்காரர் மருந்து எடுக்காதவர் என்பதுதான் அவருடைய எண்களுக்கு இவ்வளவு மதிப்பைத் தருகிறது.

யேட்ஸின் போட்டி வாழ்க்கையை முடித்ததும் களைப்பு அல்ல. 1994-இல் இடது பைசெப்ஸ் கிழிந்தது, 1997-இல் போட்டிக்குச் சில வாரம் முன் டிரைசெப்ஸ் கிழிந்தது. குறைவாகச் செய்தாலும் ஒவ்வொரு செட்டையும் உச்சத்துக்குக் கொண்டுபோனதற்கான கட்டணம் அது என்று பலரும் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

போட்டிக்குப் பிந்தைய ஆறு மாதம்

மீண்டும் நம் வீரரிடம் வருவோம். போட்டி முடிந்த ஒரே மாதத்தில் இதயத் துடிப்பு 27-இலிருந்து 46-க்கு ஏறியது. போட்டிக்குப் பிந்தைய மாதங்களில் டெஸ்டோஸ்டிரோன் 9.91-க்குத் திரும்பியது, அதாவது தொடங்கிய இடத்தைவிடச் சற்று மேலேயே. ஆறு மாத முடிவில் மனநிலை எண் 4, கொழுப்பு 14.6 சதவீதம், ரத்த அழுத்தம் 116/64. கொழுப்பு திரும்பியபோது மற்ற எண்களும் தேறின. ஓவர்டிரெய்னிங் நோய்க்குறிக்காரர் ஒருவர் இவ்வளவு சுலபமாக எழுந்து உட்கார்வதில்லை.

ஒன்று மட்டும் திரும்பவில்லை. பலம். ஆறு மாதம் ஆகியும் அது பழைய அளவை முழுசாக எட்டவில்லை.

ஓவர்டிரெய்னிங் கட்சிக்காரர்கள் பிடித்துக்கொள்ளக்கூடிய ஒரே கொம்பு இதுதான். நானும் இதைச் சுலபமாகத் தள்ளிவிட மாட்டேன். மாதக்கணக்கில் செயல்திறன் திரும்பாமை என்பதுதானே அந்த வரையறையின் உயிர். ஆனால் கட்டிங்கில் கொழுப்போடு தசையும் கொஞ்சம் போயிருக்கும். அதைத் திரும்பக் கட்ட, போட்டிக்கு முந்தைய அதே வெறியோடு பயிற்சி செய்ய வேண்டும். மேடை முடிந்த பிறகு அந்த வெறி எத்தனை பேருக்கு இருக்கிறது?  ஹார்மோனும் மனமும் இதயமும் தேறி, பலம் மட்டும் தேறவில்லை என்றால், பசி கொண்டுபோன தசையின் மிச்சக் கடன் அது என்பதே எனக்கு அதிகம் பொருந்துகிறது. பயிற்சி அவர் நரம்பு மண்டலத்தை எரித்துவிட்டது என்பதற்கு அந்த எண்களில் ஆதாரம் இல்லை.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. அவர் அவசரப்பட்டவர் அல்ல. பத்து சதவீதப் புள்ளி கொழுப்பைக் கரைக்க ஆறு மாதம் எடுத்துக்கொண்டார். நார்வேயில் 2011-இல் விளையாட்டு வீரர்களை வைத்து, வாரத்துக்கு உடல் எடையில் 0.7 சதவீதம் குறைப்பதையும் 1.4 சதவீதம் குறைப்பதையும் ஒப்பிட்டார்கள். மெதுவாகக் குறைத்தவர்கள் எடைப் பயிற்சியோடு தசையைக் கூட்டிக்கொண்டார்கள். வேகமாகக் குறைத்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. இருந்தும் நம் வீரரின் நாடி 27-க்குப் போனது. மெதுவாகப் போனால் வழியில் சேதாரம் குறையும், அவ்வளவுதான். 4.5 சதவீதம் என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அந்த இடத்துக்கான விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். அங்கே எட்டு வாரம் தங்கினால் விலை இன்னும் கூடும். ஒரே சீசனில் மாவட்டம், மாநிலம், தென்னிந்தியா என்று மூன்று மேடைக்கு அதே வற்றலோடு நிற்கிற பையன்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஜிம்மில் இதை எப்படிப் பயன்படுத்துவது

கட்டிங்கில் வழக்கமாக நடப்பது இது: சாப்பாடு குறைகிறது, காலையில் வெறும் வயிற்றில் கார்டியோ (ஓட்டம், சைக்கிள் போன்ற பயிற்சி) சேர்கிறது, டெஃபினிஷன் வரட்டும், தசை பிரிந்து தெரியட்டும் என்று செட்டும் கூடுகிறது. மூன்று குமிழையும் ஒரே நேரத்தில் திருகிவிட்டு, பாட்டு ஏன் கரகரக்கிறது என்று தேடுகிற வேலை. பலம் விழ ஆரம்பித்ததும் மாஸ்டர் செட்டைக் குறைக்கச் சொல்வார், அல்லது அதற்கு நேர்மாறாக, "மனசு தளரக் கூடாது" என்று இன்னும் நாலு செட் போடச் சொல்வார். சோற்றில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

கட்டிங்கில் இருப்பவருக்குப் பலம் விழுந்தால், பயிற்சியைத் தொடாமல் முதலில் ஒரு வாரம் பத்து நாள் எடை குறையாத அளவுக்குச் சாப்பாட்டை ஏற்றிப் பார்க்கலாம், குறிப்பாகச் சோறு, இட்லி, உருளைக்கிழங்கு என்று மாவுச்சத்தை. போட்டி நெருக்கத்தில் அது முடியாது என்றால் கார்டியோவை வெட்டலாம். எடையைப் பிடித்துவைத்து, செட் எண்ணிக்கையை மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைப்பதும் நல்ல வழி. தசை இருக்கிறது என்று உடம்புக்கு நினைவூட்ட அந்தக் கனம் தேவை. கூடுதல் செட் தேவையில்லை. காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடியை எண்ணி எழுதிவைப்பதற்குக் காசு செலவில்லை. வாரம் வாரம் இறங்கிக்கொண்டே போனால், கூடவே தலைசுற்றலோ மயக்கமோ இருந்தால், ஈ.சி.ஜி. எடுக்க வேண்டிய நேரம் அது. "ஃபிட்னஸ் ஏறுகிறது" என்று ஸ்டோரி போட வேண்டிய நேரம் அல்ல.

கட்டிங்கில் இல்லாதவர், மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறவர், ஒரு வாரம் பாதிப் பயிற்சி செய்து நன்றாகத் தூங்கியும் தேறவில்லை, மூன்று நான்கு வாரமாக எல்லாப் பயிற்சியிலும் தூக்கும் எடை கீழேயே கிடக்கிறது என்றால், ஓவர்டிரெய்னிங் என்று தானே முடிவு கட்டிவிடக் கூடாது. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு), சர்க்கரை, வைட்டமின் டி இவற்றைப் பார்க்கச் சொல்லி ஒரு பொது மருத்துவரிடம் போவது நல்லது. சமீபத்தில் டெங்குவோ சிக்குன்குனியாவோ வந்துபோயிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அவற்றின் மிச்சக் களைப்பும் மூட்டுவலியும் மாதக்கணக்கில் இழுக்கும். இரவு ஷிஃப்ட், புதுக் குழந்தை, ஐந்து மணி நேரத் தூக்கம் இவையும் அதே பட்டியலில் வரும். இவை எல்லாம் தள்ளுபடி ஆன பிறகும் பலம் திரும்பாத ஒருவர் வந்தால், அந்தப் பெயரைத் தயங்காமல் வைக்கலாம். அப்படிப்பட்டவரை எடைப் பயிற்சி ஆய்வுகளிலேயே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்க்க முடிகிறது.